வீட்டு இருட்டறைக்குச் சாமான் சேர்ப்பது: எது முக்கியம், எது இல்லாமலும் நடக்கும்

வீட்டில் கருப்பு வெள்ளை பிரிண்ட் போட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் என்லார்ஜரில்தான் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழ வைக்கும் கருவி) ஆரம்பிக்கிறார்கள். பழையது ஒன்று எங்கேயோ கிடைக்கும். அதைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, அதற்கேற்ற லென்ஸ், அதற்கேற்ற மேஜை என்று ஒவ்வொன்றாகத் தேடுவார்கள். சட்டையைத் தைத்துவிட்டு ஆளைத் தேடுகிற கதைதான். முதலில் முடிவாக வேண்டியவை இரண்டே அளவுகள்: எந்த அளவு நெகட்டிவ், எந்த அளவு பிரிண்ட். என்லார்ஜர் தூணின் உயரம், லென்ஸ், தாளைத் தட்டையாகப் பிடிக்கும் ஈசல், ட்ரே, மேஜையின் நீளம், ஒரு தடவைக்குக் கலக்க வேண்டிய கெமிக்கல் எல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 35 மி.மீ. நெகட்டிவின் குறுகிய பக்கம் 24 மி.மீ. அதை 8×10 அங்குலத் தாளில் நிரப்ப 203 மி.மீ. ஆக வேண்டும், அதாவது சுமார் எட்டரை மடங்கு. லென்ஸிலிருந்து தாள் வரை உள்ள தூரம் என்பது லென்ஸின் குவிய நீளத்தை, மடங்கோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் வருவது. 50 மி.மீ. லென்ஸுக்கு 50 × 9.5, கிட்டத்தட்ட 475 மி.மீ. எந்தச் சின்ன என்லார்ஜரும் இதைத் தாங்கும். அதே நெகட்டிவை 16×20 அங்குலத்துக்குக் கொண்டுபோனால் 17 மடங்கு. தூரம் 900 மி.மீ. சின்ன என்லார்ஜர்களின் தூண் அங்கே எட்டாது. தலையைத் திருப்பிப் படத்தைத் தரையில் விழ வைக்க வேண்டும், அல்லது சுவரில் பொருத்த வேண்டும். ஈரப் பக்கத்திலும், அதாவது கெமிக்கல் ட்ரேக்கள் இருக்கும் பக்கத்திலும், இதே பெருக்கம்தான். 8×10-க்கு நான்கு ட்ரேக்கள் (படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர், அதை நிறுத்தும் ஸ்டாப், படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர், அலசத் தண்ணீர்) 1.2 மீட்டர் நீள மேஜையில் உட்கார்ந்துவிடும், ட்ரேக்கு ஒரு லிட்டர் போதும். 16×20 என்றால் இரண்டு மீட்டர் மேஜை, ட்ரேக்கு மூன்று லிட்டராவது. ஆரம்பிப்பவர் 8×10-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் என்றாவது 120 ஃபிலிம் (35 மி.மீ.யைவிட அகலமான ரோல்) எடுக்கப்போகிறீர்கள் என்று தோன்றினால், என்லார்ஜரை மட்டும் இப்போதே 6×6 அல்லது 6×7 செ.மீ. நெகட்டிவ் தாங்குவதாகப் பாருங்கள். ட்ரேயைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், என்லார்ஜரை மாற்றுவது லேசில் ஆகாது.

என்லார்ஜரும் லென்ஸும்

டர்ஸ்ட் எம்605, மியோப்டா ஓபெமஸ் போன்றவை 6×6 வரை எடுத்துக்கொள்ளும். டர்ஸ்ட் எம்670 6×7 வரை, மியோப்டா மேக்னிஃபாக்ஸும் பெசலர் 23சி-யும் 6×9 வரை போகும். லைட்ஸ் ஃபோகோமாட் வி35 அருமையான சாமான், தானே ஃபோகஸ் பிடித்துக்கொள்ளும், ஆனால் 35 மி.மீ.க்கு மேல் எதுவும் செய்யாது. பெயரைவிட முக்கியமான கேள்வி: உங்கள் ஃபிலிம் அளவுக்கு உரிய, நெகட்டிவைப் பிடிக்கும் கேரியரும் லென்ஸ் மாட்டும் போர்டும் கூடவே வருகிறதா? வராவிட்டால் அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு தகட்டைத் தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். கலர் ஹெட் (நிற ஃபில்டர்கள் உள்ளேயே இருக்கும் விளக்குத் தலை) உள்ளதாக இருந்தால் அதன் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் 12 வோல்ட் ஹாலஜனை நேரடியாக மெயின் லைனில் கொடுக்க முடியாது.

பழையதை வாங்கும்போது கையோடு செய்துவிடக்கூடிய சோதனைகள் சில உண்டு. தலையைத் தூணின் உச்சிக்கு ஏற்றி, பக்கவாட்டில் விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். ஆட்டம் இரண்டு மூன்று விநாடிக்குள் அடங்க வேண்டும். அடங்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் தூண் அடிப்பலகையில் சேரும் இடத்து போல்ட்டைப் பாருங்கள். அங்கே இறுக்கியும் சரியாகவில்லை என்றால் சுவரோடு ஒரு முட்டுக் கொடுக்க வேண்டிவரும். அறையை இருட்டாக்கி விளக்கைப் போட்டு, லென்ஸுக்கு மேலுள்ள மடிப்புத் துருத்தியான பெல்லோஸைச் சுற்றிப் பாருங்கள். மடிப்பு முனைகளில்தான் ஊசித்துளை விழும். ஃபோகஸ் வைத்து ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி பார்த்தால், ஃபோகஸ் திருகு தளர்ந்து லென்ஸ் தானாக இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். வயர் துணி சுற்றியதாகவோ, வளைத்தால் வெடிக்கிற ரப்பராகவோ இருந்தால் பேசாமல் மாற்றிவிடுங்கள். உடம்பு முழுக்க உலோகம், பக்கத்திலேயே தண்ணீர். எர்த் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டக்கூடாது.

விளக்கின் ஒளியை வில்லைகளால் குவிக்கும் கண்டென்சரா, பரப்பிவிடும் டிஃப்யூஷனா என்ற சண்டை முடியாத ஒன்று. உள்ளே நடப்பது இதுதான்: நெகட்டிவில் உள்ள வெள்ளித் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. கண்டென்சர் நேர்க்கற்றையாக ஒளியை அனுப்புவதால், அடர்த்தியான இடத்தில் சிதறும் ஒளி லென்ஸுக்குப் போய்ச் சேராது. கான்ட்ராஸ்ட் கூடும், கீறலும் தூசியும் பளிச்சென்று தெரியும். டிஃப்யூஷனில் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் கான்ட்ராஸ்ட் குறையும், கீறல் ஓரளவு மறையும். இரண்டிலும் நல்ல பிரிண்ட் வரும், ஃபிலிமை எவ்வளவு நேரம் டெவலப் செய்கிறோம் என்பதைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். வெள்ளியே மிஞ்சாத எக்ஸ்பி2 போன்ற ஃபிலிமில் இந்தக் கான்ட்ராஸ்ட் வித்தியாசம் தெரியவே தெரியாது. கலர் ஹெட் உள்ள டிஃப்யூஷன் கிடைத்தால் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். மஞ்சளும் மெஜந்தாவும் திருகிலேயே இருப்பதால் ஃபில்டர் நிறத்தால் கான்ட்ராஸ்ட் மாறுகிற மல்டிகிரேட் தாளுக்குத் தனி ஃபில்டர் செட் தேவைப்படாது.

கையைத் தாராளமாக விட வேண்டிய இடம் லென்ஸ். குவிய நீளம் நெகட்டிவின் மூலைவிட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும்: 35 மி.மீ.க்கு 50, 6×6-க்கு 75 அல்லது 80, 6×7-க்கு 90, 6×9-க்கு 105, 4×5 அங்குலத்துக்கு 150. 50 மி.மீ. லென்ஸில் 6×6 போட்டால் மூலைகள் வெளிறிப்போகும், ஏனென்றால் அந்த மூலைகளுக்கு ஒளியே போய்ச் சேராது. தலைகீழாக, 80 மி.மீ. லென்ஸில் 35 மி.மீ. நெகட்டிவைப் போடலாம், கெடுதல் இல்லை. ஆனால் முன்பு சொன்ன 475 மி.மீ. இப்போது 760 ஆகிவிடும். ஆறு கண்ணாடித் துண்டுகள் கொண்ட வகைதான் குறி: நிக்கோர் வரிசையில் இஎல்-நிக்கோர் 50 மி.மீ. எஃப்/2.8, ஷ்னைடர் காம்போனான்-எஸ், ரோடன்ஸ்டாக் ரோடகான். மூன்று கண்ணாடி லென்ஸும் 5×7 வரை சமாளிக்கும். பெரிதாக்கினால் மூலைகள் கரைந்துவிடும். பெரும்பாலான லென்ஸ்கள் 39 மி.மீ. மரைதான், அதனால் பிராண்ட் மாற்றிப் பொருத்தலாம். வாங்கும் முன் முழு அப்பர்ச்சரில் வைத்து ஒரு டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள். ஓரிரு தூசி பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி பூஞ்சையோ, பால் படர்ந்தது போன்ற மங்கலோ இருந்தால் வேண்டாம்: வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதிக்குள் வெளிச்சம் கசிந்து பிரிண்ட் முழுக்கச் சாம்பல் பூத்துவிடும். வேலை செய்ய வேண்டியது எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை. எஃப்/16-க்கு மூடினால் இன்னும் கூர்மை வரும் என்று நினைப்பது தப்பு. ஒளி விளிம்பில் வளைந்து, இருக்கிற கூர்மையும் போய்விடும்.

கேரியரில் ஒரு சூட்சுமம் உண்டு. கண்ணாடி இல்லாத கேரியரில் நெகட்டிவ் விளக்கின் சூட்டுக்கு மெல்ல உப்பும். நாம் ஃபோகஸ் பார்க்கும்போது விளக்கு ஒரு நிமிடம் எரிந்து, நெகட்டிவ் சூடாக உப்பியிருக்கும். பிறகு விளக்கை அணைத்து, தாளை வைத்து, மறுபடி போடும்போது அது ஆறித் தட்டையாகியிருக்கும். நடுவில் ஃபோகஸ் தவறிய பிரிண்ட்டுக்குக் காரணம் பல சமயம் இதுதான், பழி லென்ஸ் மேல் விழும். எஃப்/8-க்கு மூடுவது பாதியைச் சமாளிக்கும். முழுத் தீர்வு கண்ணாடி கேரியர். ஆனால் அதில் தூசி சேர நான்கு பரப்புகள் கூடுதலாக வந்துவிடும், நெகட்டிவின் பளபளப்பான முதுகு கண்ணாடியில் ஒட்டி வானவில் வளையங்களும் விழும். அதற்கு, மேலேயுள்ள கண்ணாடி மட்டும் சொரசொரப்பான ஆன்டி-நியூட்டன் வகையாக இருந்தால் போதும். 35 மி.மீ.க்குக் கண்ணாடி இல்லாமலே பழகலாம். 6×7-க்கு மேல் கண்ணாடியைத் தவிர்க்க முடியாது.

நெகட்டிவ் தளம், லென்ஸ் தளம், அடிப்பலகை மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று பார்க்க விலையுள்ள கருவி எதுவும் வேண்டாம். வெளிச்சம் பட்டு முழுக்கக் கறுத்த ஃபிலிம் துண்டில் ஊசியால் நடுவிலும் நான்கு மூலைகளிலும் கோடு கிழித்து, கேரியரில் போட்டு, லென்ஸை முழுதாகத் திறந்து நடுக்கோட்டை ஃபோகஸ் செய்யுங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவு மங்கினால் அது லென்ஸின் குணம். இடப்பக்கம் கூர்மையாகவும் வலப்பக்கம் மங்கலாகவும் இருந்தால் தளம் சாய்ந்திருக்கிறது. தலையின் திருகுகளில் சரிசெய்யலாம். திருகு இல்லாத மாடலில் தூணின் அடியில் மெல்லிய அட்டை செருகினாலே போதும்.

ஃபோகஸ் பார்க்க, ஃபிலிமின் துகள்களைப் பெரிதாக்கிக் காட்டும் கிரெயின் ஃபோகஸர் கட்டாயம் வேண்டும். கண்ணால் பார்த்து வைக்கிற ஃபோகஸ் 8×10-ல் நிச்சயம் காட்டிக் கொடுக்கும். கண்வில்லையை முதலில் உள்ளே இருக்கும் கோடு தெளிவாகத் தெரியும்படி நம் கண்ணுக்குத் திருகிக்கொள்ள வேண்டும்; இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, கருவி சரியில்லை என்பவர்கள் நிறைய. சின்ன ஃபோகஸர்கள் நடுப்பகுதியில்தான் காட்டும். மூலை வரை பார்க்க நீளமான கண்ணாடி உள்ள வகை வேண்டும்.

விளக்கும் நேரமும்

என்லார்ஜர் பல்பு முழுதும் பால்வெள்ளையாக, தலையில் எழுத்து அச்சடிக்காததாக இருக்க வேண்டும். எழுத்து இருந்தால் கண்டென்சர் அதை அப்படியே பிரிண்ட்டில் மங்கலாக இறக்கிவிடும். சாதாரண எல்இடி பல்பைப் போட்டு ஒப்பேற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒப்பேற்றலாம், ஆனால் இரண்டு தொல்லை. சில எல்இடிகள் அணைத்த பிறகும் மினுக்கிக்கொண்டிருக்கும், தாள் அதைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, வெள்ளை எல்இடியின் ஒளியில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். மல்டிகிரேட் தாளின் கான்ட்ராஸ்ட் நீலத்தையும் பச்சையையும் வைத்தே ஓடுவதால் ஃபில்டர் எண்கள் சொன்னபடி வராது.

பழைய இழை பல்பில் வோல்டேஜ் 5 சதவீதம் இறங்கினால் வெளிச்சம் சுமார் 15 சதவீதம் இறங்கும். அதே லைனில் மோட்டார் ஓட ஆரம்பித்ததும் பிரிண்ட் வெளிறுவது இதனால்தான். ஸ்டெபிலைசர் போட்டுவிட்டால் ஒரே நெகட்டிவின் ஐந்து பிரிண்ட்டும் ஒரே மாதிரி வரும்.

டைமர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விளக்கைத் தானே அணைக்க வேண்டும், பத்தில் ஒரு விநாடி வரை வைக்க முடிந்தால் நல்லது. மெட்ரோனோம் வைத்து எண்ணிக்கொண்டு அட்டையால் மறைத்துத் திறப்பவர்களும் நல்ல பிரிண்ட் போடுகிறார்கள். எக்ஸ்போஷர் 10 விநாடிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் பல்பு சூடேறும் நேரப் பிழை கண்ணில் படாது. வெளிச்சம் அதிகமாக இருக்கிறதென்று டிம்மர் மட்டும் போடாதீர்கள், ஒளி சிவந்து கான்ட்ராஸ்ட் மாறிவிடும். லென்ஸை மூடுங்கள், இல்லையென்றால் குறைந்த வாட் பல்பு போடுங்கள்.

கலர் ஹெட் இல்லாதவர்களுக்கு மல்டிகிரேட் ஃபில்டர் செட் வேண்டும்: 00-லிருந்து 5 வரை, அரை எண்களோடு மொத்தம் 12. தலைக்குள் ஃபில்டர் தட்டு இருந்தால் பெரிய சதுரங்களை வெட்டிப் போடுங்கள். அங்கே கீறல் விழுந்தாலும் பாதகமில்லை. லென்ஸுக்குக் கீழே மாட்டுகிற வகையில் ஒரு விரல்ரேகைகூடப் படத்தைக் கெடுக்கும். 4-க்கும் அதற்கு மேலும் போகும்போது எக்ஸ்போஷரை இரட்டிப்பாக்க வேண்டும். பழைய செட்டில் மெஜந்தா வெளுத்திருந்தால் எண் 5 என்று எழுதியிருப்பது 3 மாதிரி நடந்துகொள்ளும்.

ஈரப் பக்கம்

இங்கே சிக்கனம் பிடிக்கலாம். ட்ரேக்கு எந்தப் பிளாஸ்டிக்கும் சரி, அடியில் வரம்பு வரம்பாக இருந்தால் தாளை எடுக்கச் சுலபம். அலுமினியமும் துத்தநாகம் பூசிய தகடும் கூடாது, கெமிக்கலோடு வினைபுரியும். தாளைவிட ஒரு அளவு பெரிய ட்ரேயாகப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் டெவலப்பர், ஸ்டாப், ஃபிக்ஸர் என்று அழியாத மையில் எழுதிவிட்டு, கடைசி வரை மாற்றாதீர்கள். சமையலறைக்கு அவை திரும்பப் போகவே கூடாது. ஃபிக்ஸரில் நனைந்த இடுக்கி டெவலப்பருக்குள் போனால் அன்றைய டெவலப்பர் காலி, அதனால் இடுக்கியும் ட்ரேக்கு ஒன்று.

ஆரம்பத்துக்குப் பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்சி தாள். டெவலப்பரில் 1 நிமிடம், ஸ்டாப்பில் 10 விநாடி, 1+4 ரேபிட் ஃபிக்ஸரில் 30 விநாடி, ஓடும் தண்ணீரில் 2 நிமிடம். கறுத்துவிடும் போலிருக்கிறதே என்று 30 விநாடியில் வெளியே எடுத்தால் கறுப்பு கறுப்பாகவே வராது, சேறு பூசியது போல் திட்டுத் திட்டாக நிற்கும். எக்ஸ்போஷரைக் குறைத்துவிட்டு முழு நிமிடம் விடுங்கள். அந்தப் பூச்சில்லாத ஃபைபர் தாளுக்கு வந்தால் அலசுவதற்கே ஒரு மணி நேரம் ஆகும், அலசலை விரைவாக்கும் வாஷ்-எய்ட் கரைசல் போட்டால் மொத்தம் இருபது நிமிடத்தில் முடியும். அதுவரை பிரிண்ட் வாஷர் வாங்குவது வீண்.

அளவுக் குடுவை இரண்டு போதும், 1 லிட்டரும் 100 மி.லி.யும். 1+9 என்றால் 100 மி.லி.யோடு 900 மி.லி. தண்ணீர். அதை 100-க்கு 1,000 என்று ஊற்றுகிறவர்கள் உண்டு; அது 1+10. ஸ்டாப் பாத்துக்கு லிட்டருக்கு 15 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்தால் வாசனை இல்லாமல் வேலை நடக்கும். டெவலப்பருக்குக் கண்ணாடி பாட்டில், கழுத்து வரை நிரப்பி. மடிக்கிற துருத்தி பாட்டில் பார்க்கப் புத்திசாலித்தனமாக இருக்கும், ஆனால் அதன் பிளாஸ்டிக் வழியாகவே காற்று போகும், மடிப்பைக் கழுவவும் முடியாது.

ஃபிலிம் டெவலப் செய்ய அறையே வேண்டாம்: சேஞ்சிங் பேக் (கைகளை நுழைத்து வேலை செய்யும் ஒளிபுகாப் பை), டேங்க், தெர்மாமீட்டர் போதும். பேட்டர்சன் டேங்க்கில் 35 மி.மீ. ரோலுக்கு 290 மி.லி., 120-க்கு 500 மி.லி. பிளாஸ்டிக் ரீல் துளி ஈரமாக இருந்தாலும் ஃபிலிம் பாதியில் சிக்கும். பைக்குள் கை வியர்த்தாலும் அதே கதி. முரட்டுத்தனமாகத் தள்ளாமல், ஃபிலிமை டேங்க்குக்குள் போட்டு மூடிவிட்டுக் கையை வெளியே எடுத்து ஆறவிடுங்கள். தெர்மாமீட்டரில் அரை டிகிரிக்கு மேல் தவறு இருக்கக்கூடாது. 20 டிகிரியில் 10 நிமிடம் ஆகிற டெவலப்பருக்கு 24 டிகிரியில் சுமார் 7 நிமிடம் போதும். நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே இறங்கினால் வானத்தில் திட்டு விழும். அப்போது 1+1 என்று நீர்த்து நேரத்தை நீட்டுவதே வழி.

அறையும் சேஃப்லைட்டும்

என்லார்ஜரும் ட்ரேயும் ஒரே மேஜையில் இருந்தே ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு நிறுத்துங்கள். சுவிட்சுகள் உலர்ந்த பக்கம், லைனில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்). எக்ஸாஸ்ட் காற்றாடி ட்ரேக்களுக்கு மேலே இருந்து வெளியே இழுக்க வேண்டும். ஃபிக்ஸரிலிருந்து சல்ஃபர் டைஆக்ஸைடு வரும், சன்னலைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றால் தொண்டை பிடித்துக்கொள்ளும். விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகும் கண் முன்னே வைத்த வெள்ளைத் தாள் தெரிந்தால், கதவிடுக்கை இன்னும் அடைக்க வேண்டும்.

சேஃப்லைட் என்பது தாளைப் பாதிக்காத மங்கல் விளக்கு. மல்டிகிரேட் தாளுக்குக் கோடக் ஓசி அல்லது இல்ஃபோர்டு 902 போன்ற பழுப்பு ஃபில்டர், 15 வாட் பல்பு, தாளிலிருந்து குறைந்தது 1.2 மீட்டர். சிவப்பும் ஆகும். சிவப்புச் சாயம் பூசிய வெள்ளை பல்பு ஆகாது. ஒரு பழைய சிடியின் பின்பக்கத்தில் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள்: வானவில்லில் சிவப்பு மட்டும் தெரிந்தால் நம்பலாம், பச்சையோ நீலமோ எட்டிப் பார்த்தால் தூக்கிப் போடுங்கள். சாதாரண ஃபிலிமுக்கு எந்தச் சேஃப்லைட்டும் சேஃப் இல்லை.

மற்றதெல்லாம் வந்து சேர்ந்த பிறகு சேஃப்லைட்டைச் சோதிக்க ஒரு தாளைச் செலவழியுங்கள். வெறும் தாளில் நாணயம் வைக்கிற வழக்கமான சோதனை ஏமாற்றும். வெளிச்சமே படாத தாள் கொஞ்சம் ஒளியை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும்; ஏற்கெனவே எக்ஸ்போஸ் ஆன தாளில்தான் அந்தக் கொஞ்சமும் கூடிக் காட்டும். எனவே சேஃப்லைட்டை அணைத்துவிட்டு, டெவலப் செய்தால் மெல்லிய சாம்பல் வருகிற அளவுக்குத் தாள் முழுவதையும் என்லார்ஜரில் எக்ஸ்போஸ் செய்யுங்கள். அதை டெவலப்பர் ட்ரே இருக்கும் இடத்தில் முகம் மேலே பார்க்க வைத்து, வரிசையாக நான்கு நாணயங்கள். முதல் நாணயத்தின் பட்டையைத் தவிர மற்றதை அட்டையால் மூடி, சேஃப்லைட்டைப் போடுங்கள். 4 நிமிடம் கழித்து இரண்டாவது பட்டையையும், இன்னும் 2 நிமிடம் கழித்து மூன்றாவதையும், 1 நிமிடம் கழித்து நான்காவதையும் திறந்து, மேலும் 1 நிமிடம் விட்டு அணையுங்கள். நான்கு பட்டைகளுக்கும் முறையே 8, 4, 2, 1 நிமிடம் கிடைத்திருக்கும். இருட்டிலேயே டெவலப் செய்து ஃபிக்ஸ் செய்யுங்கள்.

நாணயத்தின் வட்டம் 8 நிமிடப் பட்டையில் மட்டும் தெரிந்தால் 4 நிமிடம் வரை கவலையில்லை. ஆர்சி தாள் பெட்டியிலிருந்து ஃபிக்ஸருக்குப் போக அவ்வளவு நேரம் ஆகாது. 2 நிமிடத்திலேயே வட்டம் தெரிந்தால் விளக்கைச் சுவர்ப் பக்கமோ கூரைப் பக்கமோ திருப்புங்கள், அல்லது தூரத்தை இரட்டிப்பாக்குங்கள். வெளிச்சம் நாலில் ஒன்றாகும். பிறகு இன்னொரு தாள், அதே நான்கு நாணயங்கள்.